குளோஸ் விலையில் உங்களுக்கு யாரும் விற்க மாட்டார்கள்

போன வாரம் இன்னொருவர் தன் பேக்டெஸ்ட் நிரலை, அதாவது வர்த்தக உத்தியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் நிரலை, அனுப்பியிருந்தார். யூரோ–டாலர் ஜோடி, நாளுக்கு 20 டிரேடு, லாபக்கோடு எங்கும் இறங்காமல் ஏறிக்கொண்டே போகிறது. நிஜக் கணக்கில் ஓட்டியதும் பணம் கரையத் தொடங்கிவிட்டது. "லைப்ரரியில் ஏதோ பிழை இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அவருடைய டேட்டாஃபிரேமை, அதாவது தரவு அட்டவணையை, திறந்தேன். விலைக்கு ஒரே ஒரு பத்தி. இதே காரணத்தை இதுவரை எத்தனை பேருக்கு விளக்கினேன் என்று எண்ணிக்கொண்டிருப்பதையே விட்டுவிட்டேன்.

நாணயச் சந்தையில் எந்தக் கணத்திலும் விலை இரண்டு. விற்றால் கிடைப்பது பிட், வாங்கினால் கொடுக்க வேண்டியது ஆஸ்க். கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள். நிரல் எழுத உட்கார்ந்ததும் 'விலை' என்று ஒரே எண்ணை வைத்துக்கொள்கிறார்கள். மெட்டாட்ரேடர் என்ற வர்த்தக மென்பொருளின் வரைபடம் இயல்பாகவே பிட் விலையில்தான் வரையப்படுகிறது. அதிலிருந்து எடுத்த கேண்டிலின் (ஒரு கால இடைவெளியின் விலைப் பதிவு) குளோஸ் விலையில், அதாவது அந்த இடைவெளியின் கடைசி விலையில், நீங்கள் விற்கலாம், வாங்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிட் 1.08500, ஆஸ்க் 1.08512 என்றால் இரண்டுக்கும் உள்ள இடைவெளியான ஸ்ப்ரெட் 1.2 பிப் (இங்கே 1 பிப் என்பது 0.0001). ஒரு டிரேடுக்கு 1 பிப் லாபம் என்று பேக்டெஸ்ட் சொன்னால், 20 டிரேடுக்கு 20 பிப். 1,00,000 யூரோ லாட்டுக்கு 1 பிப் என்பது 10 டாலர். ஆக நாளுக்கு 200 டாலர். ஸ்ப்ரெட்டுக்குப் போவதோ 24 பிப். உண்மையில் தினமும் 40 டாலர் நட்டம்.

"நிலையாக 1 பிப் கழித்துவிட்டேனே" என்பார்கள். ஸ்ப்ரெட் நிலையாக நிற்பதில்லை. நியூயார்க்கில் மாலை 5 மணிக்கு வர்த்தக நாள் மாறும்போதும், பெரிய அறிவிப்பு வரும் நிமிடங்களிலும் அது விரிகிறது. பல உத்திகள் டிரேடு எடுப்பதும் அந்த நிமிடங்களில்தான். ஷார்ட் எடுத்திருந்தால் (விலை இறங்கும் என்று முதலில் விற்றிருந்தால்) ஸ்டாப் லாஸை, அதாவது நட்டத்தை நிறுத்த டிரேடைத் தானாக மூடும் விலையை, தொடுவது ஆஸ்க். பிட் கேண்டிலின் உச்சம் அதைத் தொடவே இல்லை என்று உங்கள் நிரல் நிம்மதியாக இருக்கும், நிஜக் கணக்கில் டிரேடு மூடப்பட்டிருக்கும்.

ஸ்டாப் லாஸ் போட்ட இடத்திலேயே நிறைவேறும் என்றும் எழுதாதீர்கள். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி, யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று தான் காத்துவந்த கீழ் வரம்பைக் கைவிட்டது. 1.20-க்குச் சற்றுக் கீழே வைத்த ஸ்டாப்புகள் பல வெகு கீழே போய்த்தான் நிறைவேறின. ஸ்டாப் தொட்டபின் அடுத்துக் கிடைக்கும் விலையை எடுப்பதுபோல் எழுதுங்கள்.

அப்புறம், நேரம். டிக்குகளை (ஒவ்வொரு விலை மாற்றத்தின் பதிவை) யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் சேமியுங்கள். நியூயார்க் மாலை 5 என்பது குளிர்காலத்தில் யுடிசி 22:00, கோடையில் 21:00. பாண்டாஸ் என்ற பைத்தான் லைப்ரரியில் ரீசாம்பிள் செய்த (டிக்குகளை மணிவாரியாகத் தொகுத்த) மணிக் கேண்டிலுக்கு இயல்பாகத் தொடக்க நேரமே பெயராக விழும். 10:00 என்ற வரியில் 10:59 வரையிலான விலை இருக்கிறது. அதை 10:00 மணி டிக்கோடு இணைத்தால் உங்கள் நிரல் எதிர்காலத்தைப் பார்த்துவிடுகிறது. தணிக்கைக்கு எந்த நிரல் வந்தாலும் நான் முதலில் தேடுவது இப்படி இணைக்கும் வரியைத்தான்.

யென் ஜோடிகளுக்கு பிப் 0.01. மற்றவற்றைப் போல 0.0001 என்று வைத்தால் லாபம் 100 மடங்காகத் தெரியும். விலையை ஃபுளோட்டில் (தசம எண் வகையில்) வைக்காமல் 108512 என்று முழு எண்ணாக வையுங்கள். வால்யூம் பத்தியை நம்பி உத்தி கட்டாதீர்கள். இந்தச் சந்தைக்கு மையப் பரிவர்த்தனைக்கூடம் கிடையாது, உங்களுக்கு வருவது பெரும்பாலும் அந்தத் தரகரின் டிக் எண்ணிக்கைதான்.

தயவுசெய்து, சேமிப்பைப் போடும் முன் சில வாரங்கள் டெமோ கணக்கில் ஓட்டுங்கள். நிரல் எதிர்பார்த்த விலையையும் கிடைத்த விலையையும் ஒவ்வொரு டிரேடுக்கும் பக்கத்திலேயே பதிவு செய்யுங்கள். டெமோவில் பொதுவாக நிஜத்தைவிட நல்ல விலையே கிடைக்கும். அங்கேயே இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பணத்தைப் போடாதீர்கள். எனக்கு அனுப்புவதாக இருந்தால், நிரலோடு பிட், ஆஸ்க் இரண்டும் உள்ள டிக் தரவையும் சேர்த்து அனுப்புங்கள்.