கால் எலும்பு தாடையாகும்போது

“தாடையை எடுக்கணும்னா சரி டாக்டர், காலை எதுக்கு அறுக்கணும்?” வாய்ப் புற்றுநோய் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் வீட்டார் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நியாயமான கேள்வி.

புகையிலையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அதக்கி வைக்கும் பழக்கத்தால், நம் ஊரில் வாய்ப் புற்று அந்த இடுக்கில்தான் அதிகம் வருகிறது. ஒட்டினாற்போல் இருப்பது கீழ்த்தாடை எலும்பு. அதில் நோய் இறங்கிவிட்டால், தாடையில் ஒரு துண்டை வெட்டி எடுக்காமல் வழியில்லை. முன்தாடை போனால் நாக்குத் தசைகளுக்குப் பிடிமானம் இல்லாமல் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். கீழுதடு தொங்கி எச்சில் வழியும். பக்கத் தாடை போனால் மிச்சத் தாடை கோணிக்கொண்டு பல்லோடு பல் சேராது. வெறும் டைட்டானியம் பிளேட்டை வைத்து மூடினால், கதிர்வீச்சுக்குப் பிறகு அது தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம், ஒடிந்தும் போகலாம்.

உயிருள்ள எலும்பு தேவைப்படுவது அதனால்தான். 1989-இல் ஹிடால்கோ என்ற அமெரிக்க சர்ஜன் தாடைக்குப் பயன்படுத்திக் காட்டிய ஃபிபுலாதான் இன்றும் முதல் தேர்வு. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பு இது. உடல் எடையைப் பெரும்பாலும் தாங்குவது பக்கத்திலிருக்கும் டிபியா. முட்டியருகில் சுமார் 6 செ.மீ., கணுக்காலருகில் 6 செ.மீ. விட்டுவிட்டு நடுவில் உள்ளதை எடுப்பார்கள். மேலே விடுவது பாதத்தைத் தூக்கும் நரம்புக்காக, கீழே விடுவது கணுக்கால் ஆட்டம் காணாமலிருக்க. சிலருக்குப் பாதத்துக்கே ரத்தம் போவது இந்த எலும்போடு வரும் பெரோனியல் தமனி வழியாகத்தான். அந்தக் காலைத் தொடக்கூடாது. காலுக்கு முன்கூட்டியே, ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் எடுப்பது இதற்காக.

எலும்பு, அதன் ரத்தக்குழாய்கள், மேலே ஒரு தோல் துண்டு: மூன்றும் சேர்ந்ததுதான் ‘ஃபிளாப்’. எலும்பை ஆப்பு வடிவில் வெட்டித் தாடையின் வளைவு கொடுக்கும்போது ஒரு துண்டு 2 செ.மீ.க்குக் குறைந்தால் அதற்கு ரத்தம் எட்டாமல் போகலாம். பிறகு 2, 3 மி.மீ. அகலமுள்ள குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு, முடியைவிட மெல்லிய 9-0 நைலான் இழையால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்க வேண்டும்.

ஆனால் ஃபிளாப் கெட்டால், அது பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில் அல்ல, வார்டில். அதுவும் முதல் மூன்று நாட்களில். முதல் நாள் மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். நல்ல ஃபிளாப்பின் தோல் ‘இளஞ்சிவப்பு’ என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம் தோல் நிறத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடியில் நிறம் திரும்ப வேண்டும், தொட்டால் சூடு இருக்க வேண்டும். ஊசியால் குத்தினால் சற்று நிதானித்துப் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்தால் நல்லது. குத்தியதும் கருஞ்சிவப்பாய்க் கொட்டி, தோலும் வீங்கி நீலம் பாரித்தால் சிரை அடைத்திருக்கிறது. வெளுத்துச் சில்லிட்டு, குத்தினாலும் ரத்தம் வராவிட்டால் தமனி. இரண்டிலும் “காலையில் பார்க்கலாம்” என்பதே பேச்சு இல்லை. சில மணி நேரத்துக்குள் தியேட்டருக்குப் போனால்தான் காப்பாற்ற வாய்ப்பு.

காரணம் சில சமயம் அற்பமானது. மூச்சுக்காகக் கழுத்தில் போடும் டிரக்கியாஸ்டமி குழாயைக் கட்டும் நாடாவை இறுக்கிவிட்டால் போதும், கழுத்தில் தைத்த சிரை நசுங்கிவிடும். தலையணையை மாற்றும் அக்கறையில் உறவினர் தலையைத் திருப்பிவிடுவதும் அப்படித்தான். நர்ஸைக் கேட்காமல் கழுத்தைத் தொடாதீர்கள். பீடி, சிகரெட், புகையிலையைக் கடையில் வைத்துவிட்டு வர வேண்டியது ஆபரேஷன் அன்று அல்ல, நோய் தெரிந்த அன்றே.

கதிர்வீச்சு தேவையென்றால் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அதனால் ஆடும் பல், சொத்தைப் பல் எதையெல்லாம் பிடுங்க வேண்டுமென்று பல் மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் குழி ஆறாமல், அங்கேயே எலும்பு செத்துப்போகலாம். தையல் ஆறி டாக்டர் சொன்னதும், மூன்று விரல் நுழையும் அளவை இலக்காக வைத்து வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்குங்கள். அதற்கு ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைத்து, சில நாளுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போனாலே போதும்.