நீந்திப் போனதெல்லாம் பிழைத்துவிடவில்லை

இந்தப் பருவத்தில் என் மேஜைக்கு வந்த ஏழாவது பெரிய மீன் அது. மகசீர், நம் ஆறுகளில் வாழும் கெண்டை வகைப் பெரிய மீன். பெண் மீன், 11 கிலோ. நன்னீர் மீன்களுக்கு வைத்தியம் பார்ப்பதும், செத்து ஒதுங்கிய மீனை அறுத்துக் காரணம் சொல்வதும் என் வேலை. இந்த மீனை அறுப்பதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. வலப்பக்க விலாவில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. நன்னீரில் எப்போதும் இருக்கிற பூஞ்சைதான், ஆனால் அது படர்ந்திருந்த விதம் வேறு. கீழே நான்கு பட்டைகள், மேலே தனியாக ஒரு பட்டை. ஒரு மனிதக் கையின் அச்சு.

ஆறு நாளுக்கு முன்பு அதைத் தூண்டிலில் பிடித்து, படமெடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட்டவர், அந்தப் படத்தை எனக்கு அனுப்பினார். படத்தில் அவர் கை இருந்த இடமும் பூஞ்சை இருந்த இடமும் ஒன்றேதான். கை காய்ந்திருந்தது. சட்டையும் காய்ந்திருந்தது, மீனை அதில் அணைத்துப் பிடித்திருந்தார். காய்ந்தது பட்டால் மீனின் உடம்பைக் காக்கும் வழுவழுப்பான கோழை உரிந்துவிடும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆற்றையும் மீனையும் உயிராக நேசிப்பவர், பிடித்த ஒரு மீனைக்கூடக் கொன்று தின்றதில்லை. விஷயத்தைச் சொன்னதும் உடைந்துபோனார். அப்புறம் எல்லாரும் சொல்கிற அதையே அவரும் சொன்னார்: "நல்லா நீந்திப் போச்சே டாக்டர், வீடியோகூட இருக்கே."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால் மீனைப் பிடித்துத் திரும்ப விடுகிற தூண்டில்காரர்களுக்கு இன்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையிலிருந்து விட்டதும் மீன் வாலை அடித்துக்கொண்டு பாய்கிறதே, அது உயிர் பயத்தில் பாய்வது. பெரிய விலங்கு ஒன்று பிடித்திருந்த பிடி தளர்ந்தால், இருக்கிற கடைசித் தெம்பையும் போட்டு ஓடத்தான் செய்யும். பத்து அடி தள்ளி ஆழத்துக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்பது உங்கள் வீடியோவில் இல்லை. அரை மணி நேரம் இழுபறி நடந்திருக்கிறது. தசை முழுக்க லாக்டிக் அமிலம். அந்த அமிலம் ரத்தத்தில் இறங்குவது போராட்டம் முடிந்ததும் நின்றுவிடாது, அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும். குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் மீனில் உச்சத்தைத் தொடவே இரண்டு மணி நேரம் ஆகலாம், பழைய நிலைக்குத் திரும்ப அரை நாள்கூடப் பிடிக்கும். அதாவது, நீங்கள் கையை அசைத்து வழியனுப்பும்போது மீனின் மோசமான கட்டம் இன்னும் வரவே இல்லை. அது வரும்போது நீங்கள் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில்தான் சில மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து அடியில் படுத்துவிடுகின்றன. கோழை உரிந்த மீனில் பாதிப்பு உடனே வெளியே தெரியாது, பூஞ்சை பிடித்து நாள்கணக்கில் சாகும்.

ட்ரவுட் மீன்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1992இல் வெளியானது. வெறுமனே விரட்டிக் களைக்கவைத்த மீன்களில் 12 சதவீதம் இறந்தன. அப்படிக் களைத்தவற்றை 30 நொடி காற்றில் வைத்தபோது 38 சதவீதம். 60 நொடி வைத்தபோது 72 சதவீதம். 12 மணி நேரத்துக்குள் இவ்வளவும். ஆய்வகத்து ட்ரவுட்டின் கணக்கை எல்லா மீனுக்கும் அப்படியே பொருத்த முடியாது என்பது எனக்கும் தெரியும், மீனுக்கு மீன், தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். ஆனால் நீங்கள் ஒரு படத்துக்கு எத்தனை நொடி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

செவுளைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீருக்குள் கூந்தல் விரிந்து மிதக்கும், வெளியே எடுத்தால் திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும். செவுளின் இழைகளும் அப்படித்தான். ஒட்டிக்கொண்ட செவுளை வைத்துக்கொண்டு அந்த மீன் எதைச் சுவாசிக்கும்?

சரி, என்ன செய்யலாம்? முதலில், அந்தத் தண்ணீரில் தூண்டில் போட அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்.

மெல்லிய தூண்டில் நரம்பில் பெரிய மீனை அடக்குவது திறமை என்று பெருமை பேசுவதை விடுங்கள். அந்தப் பெருமைக்கான விலையை மீன் கொடுக்கிறது. தாங்கக்கூடிய நரம்பு, தாங்கக்கூடிய ராடு, சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாருங்கள். முள்ளின் கூருக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் குட்டிக் கூரைக் குறடால் நசுக்கிவிடுங்கள். போலி இரையில் வரும் மூன்று முனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுங்கள். இப்படிச் செய்தால் மீன் தப்பிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: நரம்பைத் தளரவிடாமல் பிடித்தால் பெரும்பாலும் தப்பாது. உயிர் இரை, மாவு உருண்டை போடுகிறவர்கள், கூர் உள்பக்கமாக வளைந்த வட்ட முள் பயன்படுத்துங்கள். அதை வெடுக்கென்று இழுக்காதீர்கள். மெதுவாக ரீலைச் சுற்றினாலே வாயோரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். முள்ளை விழுங்கிவிட்டதா, நோண்டவே நோண்டாதீர்கள். நரம்பை முள்ளுக்குப் பக்கத்தில் வெட்டிவிடுங்கள். நோண்டி எடுத்த மீனைவிட முள்ளோடு விட்ட மீன்தான் அதிகம் பிழைக்கிறது.

வெயில் காலத்து மதியத்தில் தயவுசெய்து தூண்டில் போடாதீர்கள். 10 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ சூட்டில் தேவை கூடும். வரவு குறைந்து செலவு கூடிய நேரத்தில் அதை அரை மணி நேரம் ஓடவைக்கிறீர்கள்.

தாடையைக் கவ்விப் பிடிக்கும் கிரிப்பர் என்ற இடுக்கியை மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடும் படங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். தண்ணீருக்குள் எடையே தெரியாமல் வாழும் உடம்பு அது. தொங்கவிட்டால் மொத்த எடையும் தாடைக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய சதையில் இறங்கும். அந்த இடம் கிழிந்த மீன்களை அறுத்துப் பார்த்திருக்கிறேன். வாயை உறிஞ்சித் திறந்து இரை பிடிக்க அவற்றால் முடியவில்லை, குடல் காலியாக இருந்தது. எடை தெரிய வேண்டுமென்றால் நனைத்த தொட்டில் துணியில் படுக்கவைத்து நிறுங்கள். அதைவிட நல்லது, நீளத்தை மட்டும் தண்ணீரிலேயே அளந்துகொள்வது. கைவலை ரப்பர் பூசியதாக, முடிச்சில்லாததாக இருக்கட்டும். கையை நனைக்காமல் மீனைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, மீனை முன்னும் பின்னும் ஆட்டி 'உயிர் கொடுக்கும்' பழக்கம். பின்னால் இழுக்கும்போது தண்ணீர் செவுளுக்குள் தலைகீழாக ஏறுகிறது. வேண்டாம். மிதமான நீரோட்டத்தில் தலை நீர் வரும் பக்கம் பார்க்க, வயிற்றைத் தாங்கிப் பிடித்திருங்கள், அது போதும். (அமேசானின் அராபைமா மட்டும் விதிவிலக்கு. அது மேலே வந்து காற்றைச் சுவாசித்தாக வேண்டிய மீன், அமுக்கிப் பிடித்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.)

விடலாமா என்று பார்க்க நான் செய்கிற சோதனை இது. தண்ணீருக்குள்ளேயே மீனை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்துக் கண்ணைப் பாருங்கள். தெம்புள்ள மீனின் கண், உடம்பு சாய்ந்தாலும் தான் சாயாமல் மட்டமாக நிற்கப் பார்க்கும். களைத்த மீனின் கண் தலையோடு சேர்ந்து உருளும். அடுத்து வாலைப் பிடித்துப் பாருங்கள், உதறுகிறதா என்று. இரண்டும் இல்லையென்றால் விடாதீர்கள். துளையுள்ள வலைப்பையில், ஓடுகிற தண்ணீரில் வைத்துக் காத்திருங்கள். முதுகு மேலே வர அதுவாக நிமிர்ந்து நிற்கும்வரை உங்களுக்கு வேறு வேலை இல்லை.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் தேடிப் போவதே பெரிய மீனைத்தான். பெரியது என்றால் பல வருஷம் வாழ்ந்தது, மகசீரில் பெரும்பாலும் பெண். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத திமில் மகசீர், 2018இல் மிகவும் அருகிவிட்ட இனமாக, அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களைக் கணக்கிடும் ஐ.யு.சி.என். அமைப்பின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. அப்படிப்பட்ட இனத்தில் ஒரு தாய் மீன் போனால் அந்த இடத்தை நிரப்ப எத்தனை வருஷம் வேண்டும்? என் மேஜையில் கிடந்த அந்த 11 கிலோ மீனின் வயிற்றில் முட்டைப்பை முதிர்ந்திருந்தது.

தூண்டிலைக் கைவிடச் சொல்லவில்லை. ஆற்றில் நஞ்சு கலந்தாலும் வெடி போட்டாலும் முதலில் எனக்குத் தகவல் சொல்கிறவர்கள் தூண்டில்காரர்கள்தான். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை எனக்குப் படம் அனுப்பும்போது, மீன் தண்ணீருக்கு வெளியே எத்தனை நொடி இருந்தது, அன்றைக்குத் தண்ணீரின் சூடு எவ்வளவு என்ற இரண்டையும் படத்துக்குக் கீழே எழுதி அனுப்புங்கள்.