ஆடிக் காற்றும் 95 ஆக்டேனும்

போன ஆடியில் மாமா ஒரு சாவுக்குத் துஷ்டி கேட்க நாகர்கோவிலுக்குப் போய்விட்டு வந்தார். வந்த கையோடு என்னிடம் சொன்னது துஷ்டி வீட்டுச் செய்தி இல்லை, பெட்ரோல் செய்தி. “மருமவனே, போகும்போது சாதா பெட்ரோல். டேங்க் காலியாகிற நேரம் அங்கனயே 95 போட்டேன். வரும்போது லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூடக் குடுக்குல்லா!”

மாமாவின் கார் பத்து வயதான சின்ன கார். பாளையங்கோட்டை மார்க்கெட், வண்ணார்பேட்டை, மாதம் ஒருமுறை அம்பாசமுத்திரம். இவ்வளவுதான் அதன் உலகம். லிட்டருக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்து 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் அதற்கு ஏதாவது கிடைக்குமா? மாமா கணக்கில் பொய் சொல்கிற ஆள் இல்லை. மூன்று கிலோமீட்டர் கூடக் கிடைத்தது நிஜம்தான். ஆனால் கொடுத்தது பெட்ரோலா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஆக்டேன் எண் பெரிதாக இருந்தால் பெட்ரோலுக்குச் சத்து அதிகம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பங்கில் அதற்குப் ‘பவர் பெட்ரோல்’ என்று பேர் வைத்துவிட்ட பிறகு வேறு எப்படி நினைப்பது? உண்மையில் அந்த எண் சத்தை அளப்பதே இல்லை. பெட்ரோலின் பொறுமையை அளக்கிறது. நசுக்கினாலும் சூடாக்கினாலும், ஸ்பார்க் பிளக் பொறி வைக்கும் வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் ஆக்டேன்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதேதான் இன்ஜினுக்குள்ளும் நடக்கிறது. பிஸ்டன் மேலே வரும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை பத்தில் ஒரு பங்காக நசுங்குகிறது. 35 டிகிரியில் உள்ளே போன கலவை, பொறி விழுவதற்கு முன்பே 300 டிகிரியைத் தாண்டிவிடும். வெளியே வெயில் பத்து டிகிரி ஏறினால் உள்ளே அது ஏறத்தாழ இருபதாகிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு இது லேசான விஷயம் இல்லை.

அப்புறம் பொறி. கார்த்திகைக்குக் கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் வைத்த தீ ஓலை ஓலையாகத் தாவி ஏறும். சிலிண்டரிலும் தீ அப்படித்தான் பிளக்கிலிருந்து ஓரம் நோக்கிப் பரவ வேண்டும். சில மில்லி வினாடி வேலை. பிஸ்டனைப் பதமாகக் கீழே தள்ள அதுவே சரியான முறை. ஆனால் எரிந்த வாயு விரியும்போது, ஓரத்தில் இன்னும் எரியாமல் நிற்கும் கலவையை மேலும் நசுக்கிச் சூடேற்றுகிறது. பொறுமையில்லாத பெட்ரோல் என்றால், தீ வந்து சேருவதற்குள் அந்த ஓரக் கலவை மொத்தமும் ஒரே கணத்தில் தானே பற்றிவிடும். சொக்கப்பனையில் தீ ஏறிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்க ஓலையெல்லாம் ஒரே வீச்சில் பற்றியது போல. அந்த அதிர்வுதான் மெக்கானிக் சொல்கிற ‘நாக்கிங்’. தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கிய சத்தம் வரும். தொடர்ந்து விட்டால் பிஸ்டனையே தின்றுவிடும்.

மாமாவே ஒருமுறை இதை அனுபவித்திருக்கிறார். அப்போது அவரிடம் இருந்தது ஒரு பழைய கார்புரேட்டர் கார். பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு ஏறும்போது உள்ளே ஆறு பேர், மே மாத வெயில், இரண்டாவது கியருக்கு இறங்க மனசில்லாமல் மூன்றாவதிலேயே அழுத்திக்கொண்டிருந்தார். கடகடவென்று சத்தம். நாக்கிங் வருவதற்கு இதைவிடத் தோதான சூழ்நிலை கிடையாது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் சிலிண்டர் நிறையக் கலவை போகும். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஓரக் கலவைக்குத் தானாகப் பற்ற நேரமும் கிடைக்கும். போதாததற்கு பழைய இன்ஜினில் படிந்த கரி வேறு. அன்று 95 போட்டிருந்தால் கண்டிப்பாகப் பலன் தெரிந்திருக்கும். ஆனால் கியரை ஒன்று குறைத்திருந்தாலே சத்தம் நின்றிருக்கும், காசும் மிச்சம்.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதும் சுவையான கதை. 1926-இல் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் இரண்டு பொருள்களை எடுத்துக்கொண்டார். ஒன்று ஐசோ ஆக்டேன், சீக்கிரம் தானாகப் பற்றாதது. அதற்கு 100. இன்னொன்று ஹெப்டேன், தொட்டால் சிணுங்கி. அதற்கு 0. அந்தக் காலத்தில் சுத்தமான ஹெப்டேனை ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்துதான் எடுத்தார்கள். 91 பெட்ரோல் என்றால் அதில் 91 சதவீதம் ஆக்டேன் இருக்கிறது என்று பொருள் இல்லை. 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்தால் சோதனை இன்ஜினில் எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படி இதுவும் நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஏன் இந்த வித்தியாசம் என்றால் உருவம்தான் காரணம். ஹெப்டேன் நீளமான சங்கிலி. ஆக்ஸிஜன் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டதும் சங்கிலி வளைந்து, தன்னிடமிருந்தே ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக் கொடுத்து உடையத் தொடங்கிவிடும். ஐசோ ஆக்டேன் கிளைகிளையாகச் சுருண்டு நிற்பது. அதில் இப்படிப் பிடுங்குவது கடினம்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் “இங்க நாங்க 87தான் போடுறோம்” என்று சொல்லிக் குழப்புவார்கள். அங்கே வேறு கணக்கு. ஆக்டேனை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. நாம் சொல்வது இளகிய சோதனையின் எண். இன்னொன்று கலவையை 149 டிகிரிக்குச் சூடாக்கி நடத்தும் கடுமையான சோதனை, அதில் எண் குறைவாக வரும். அமெரிக்கப் பங்கில் இரண்டின் சராசரியை எழுதியிருப்பார்கள். அவர்களுடைய 87, நம் கணக்கில் சுமார் 91.

பொறுமை இல்லாத பெட்ரோலைப் பொறுமையாக்கக் குறுக்கு வழி தேடியதில்தான் 1921-இல் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்க்லே, ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் போதும் என்று கண்டுபிடித்தார். நாக்கிங் நின்றது, ஊர் ஊராகக் காற்றில் ஈயம் ஏறியது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு அதை முழுக்க நிறுத்தினார்கள்.

சரி, மாமாவின் காருக்கு வருவோம். 91 பெட்ரோலுக்கென்று வடிவமைத்த இன்ஜின் அது. நாக்கிங் வராத இடத்தில் கூடுதல் பொறுமைக்கு என்ன வேலை? பாளையங்கோட்டையிலிருந்து வண்ணார்பேட்டைக்கு வரும் வண்டியில் ஆக்ஸிலேட்டர் பாதிகூட அழுந்துவதில்லை. சிலிண்டருக்குள் அழுத்தமே குறைவு. அந்த நேரத்தில் 91, 95, 100 எல்லாம் இன்ஜினுக்கு ஒன்றுதான்.

இப்போதைய கார்களில் இன்ஜின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். நாக்கிங் சத்தம் கேட்டால் கம்ப்யூட்டர் பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். இன்ஜின் பிழைக்கும், ஆனால் இழுவையும் மைலேஜும் கொஞ்சம் போகும். காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இன்ஜின்களில், அதுவும் வெயிலில் பாரத்தோடு ஏறும்போது, இது அடிக்கடி நடக்கும். அங்கே உயர்ந்த ஆக்டேன் அந்தத் தாமதத்தைக் குறைத்து, இழந்ததைத் திருப்பிக் கொடுக்கும். உங்கள் கார் புத்தகத்திலோ டேங்க் மூடியின் உட்பக்கத்திலோ 95 என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் அதையே போடுங்கள். 91 என்றிருந்தால் அதற்கு மேல் கொடுப்பது, குடைக்குள் நிற்பவனுக்கு இன்னொரு குடை பிடிப்பதுதான். விலை உயர்ந்த பெட்ரோலில் சேர்க்கும் சுத்திகரிப்பு மருந்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் அழுக்குப் படியாமல் பார்க்கும் என்பது உண்மை. ஆனால் அது வேறு சங்கதி, ஆக்டேனுக்கும் அதற்கும் உறவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இன்று பங்கில் ‘சாதா’ என்று ஊற்றுவதே 20 சதவீதம் எத்தனால் என்கிற ஆல்கஹால் கலந்ததுதான். எத்தனாலின் ஆக்டேன் சுமார் 108. ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்குமே, அதே மாதிரி எத்தனால் ஆவியாகும்போது கலவையையும் குளிர்விக்கிறது. 91 ஆக இருந்த சாதா பெட்ரோல் இந்தக் கலப்பால் 95-ஐ எட்டிவிட்டது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. ஆக, மாமா கூடக் காசு கொடுத்து வாங்கிய எண் பக்கத்துக் குழாயிலேயே வந்துகொண்டிருக்கிறது! அதே எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கத்தான் செய்கிறது. ஆக்டேன் ஏறுகிறது, சத்து இறங்குகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அப்படியென்றால் அந்த மூன்று கிலோமீட்டர்?

ஆடியில் நாகர்கோவில் போகிறவர்கள் காவல்கிணறு தாண்டியதும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து பாய்கிற காற்று அது. முப்பந்தலில் காற்றாலைகளைக் காடு மாதிரி நட்டிருப்பது சும்மா இல்லை. 80 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு நேர் எதிரே 20 கி.மீ. காற்று வீசினால், காரைப் பொறுத்தவரை அது 100 கி.மீ. வேகக் காற்று. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் 60தான். காற்றின் தடை வேகத்தின் இருமடியில் ஏறும். நூறுக்கும் அறுபதுக்கும் இடையே தடை ஏறத்தாழ மூன்று மடங்கு மாறிவிடும். வழி முழுக்க நேர் எதிர்க்காற்று வீசாதுதான். ஆனாலும் அம்மியையே பறக்கவிடுகிற காற்றுக்கு மாமாவின் சின்ன கார் எம்மாத்திரம்?

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. இந்த முறை போகவும் வரவும் சாதா பெட்ரோல், இரண்டு முனையிலும் டேங்கை முழுக்க நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்துக் கணக்கு. இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தது. போகும்போது பதினைந்தரை, வரும்போது பதினெட்டு.

“மூணு வரலியே, ரெண்டரைதானே வருது” என்றார். அந்த அரையை மட்டும் இன்றைக்கும் 95-இன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறார்.