சிங்கோனாவுக்கு நடந்த வர்த்தகப் போர்

ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் வழியில் நடுவட்டம் இருக்கிறது. இன்று கண்ணுக்கெட்டிய வரை தேயிலைதான். ஒரு காலத்தில் இங்கே அரசாங்கமே சிங்கோனா மரம் வளர்த்து, அதன் பட்டையிலிருந்து கொயினா எடுத்தது. மலேரியாவுக்கு அன்றைக்கு அதுதான் மருந்து.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தப் பட்டை தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து மட்டுமே வந்தது. அங்குள்ள நாடுகள் பட்டையை விற்றன, விதையையும் நாற்றையும் வெளியே விடாமல் பார்த்துக்கொண்டன. நியாயம்தான். ஆனால் பொருளைப் பிடித்துவைத்து விலை ஏற்றினால், அதைக் கடத்துகிற செலவும் கட்டுப்படியாகிவிடும். 1860-இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் பிரிட்டிஷ் அரசு ஆட்களை அனுப்பியது. அவர் பெருவில் திரட்டிய நாற்றுகள் பிழைக்கவில்லை. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் சேகரித்த செம்பட்டை வகை ஊட்டியில் வேர்பிடித்தது.

ஊட்டி தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்த மெக்ஐவர் கெட்டிக்காரர். மரத்தை வெட்டாமல், ஒரு கீற்று விட்டு ஒரு கீற்றாகப் பட்டையை உரித்து, அந்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். ஈரம் காயாததால் புதுப் பட்டை வளர்ந்தது. அதில் மருந்துச் சத்தும் கூடியது.

ஆனால் அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. பொலிவியாவின் மானுவேல் மாமானி தேடிக்கொடுத்த விதைகளைச் சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகர் லண்டனில் விற்கப் பார்த்தார். பிரிட்டிஷ் அரசு வேண்டாமென்றது. 1865-இல் டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு விதையைச் சொற்பக் காசுக்கு வாங்கி ஜாவாவில் நட்டார்கள். அந்தப் பட்டையில் கொயினா 10 சதவீதத்தையும் தாண்டியது. நீலகிரிச் செம்பட்டை அதன் கிட்டக்கூட நெருங்கவில்லை. மாமானியைப் பொலிவியாவில் சிறையில் போட்டு அடித்ததில் அவர் இறந்துபோனார்.

1880-களில் இலைநோயால் காபியை இழந்த சிலோன் தோட்டக்காரர்கள் எல்லோரும் சிங்கோனாவுக்குத் தாவ, பட்டை குவிந்து விலை சரிந்தது. பலர் மரத்தைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். ஜாவா தாக்குப்பிடித்தது. 1913-இல் அங்குள்ள தோட்டக்காரர்களும் மருந்து ஆலைகளும் விலை பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டதும் உலகச் சந்தையே அவர்கள் கைக்குள் வந்தது.

அப்புறம் 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடிக்க, நேச நாடுகளுக்குக் கொயினா வரத்து நின்றது. செயற்கை மருந்துகள் மீது பணம் கொட்டியது. 1934-லேயே ஜெர்மனியில் தயாரித்து ஓரங்கட்டப்பட்ட குளோரோகுயின் போருக்குப் பின் எங்கும் பரவியது. மரம் வைத்திருந்தவர்களை யாரும் சீந்தவில்லை.

2010-இல் சீனா, காந்தத்துக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் தேவையான அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதியைக் குறைத்தபோதும் இதே கதைதான் தொடங்கியது. 2011-இல் விலை உச்சிக்குப் போனது. ஜப்பானிய ஆலைகள் அவற்றைக் குறைத்துப் பயன்படுத்தப் பழகின, விலை இறங்கியது. ஆனால் சுத்திகரிப்பு ஆலைகளில் பெரும்பங்கு சீனாவிலேயே இருப்பதால் அந்தப் பிடி மட்டும் இன்னும் தளரவில்லை.