மோடெம்: பண்பேற்றியா, இணக்கியா?

1982இல் விற்பனைக்கு வந்த கொமடோர் 64 போன்ற வீட்டுக் கணினியை இன்றைய இணையத்தில் சேர்க்க விரும்புவோர் பலர் தேடி வாங்குவது, 'வைஃபை மோடெம்' எனப்படும் சிறு சுற்றுப்பலகையை. தொலைபேசிக் கம்பியே செருகப்படாத ஒரு பொருளுக்கு மோடெம் என்ற பெயர் பொருந்துமா, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்னும் கேள்விகள் இங்கேதான் எழுகின்றன.

'மாடுலேட்டர்', 'டிமாடுலேட்டர்' என்ற இரு ஆங்கிலச் சொற்களின் முன்பகுதிகள் இணைந்து பிறந்த சொல் மோடெம். மனிதக் குரலுக்காகப் போடப்பட்ட தொலைபேசிக் கம்பியில் கணினியின் பூச்சியமும் ஒன்றும் அப்படியே செல்ல முடியாது என்பதால், அவற்றை ஒலிகளாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. 1962இல் வந்த பெல் 103 மோடெமில், அழைக்கும் முனை பூச்சியத்தை 1070 ஹெர்ட்சாகவும் ஒன்றை 1270 ஹெர்ட்சாகவும் ஒலித்து, நொடிக்கு 300 பிட்டுகளை அனுப்பியது. நம் இயற்பியல் பாடநூல்கள் இந்த மாற்றத்தைப் பண்பேற்றம் என்றும் மீட்பைப் பண்பிறக்கம் என்றும் குறிப்பதால், 'பண்பேற்றி-பண்பிறக்கி' என்பதே சொல்லுக்குச் சொல் சரியான பெயர்.

வைஃபை மோடெமில் உள்ள, இஎஸ்பி8266 என்னும் வைஃபை சில்லின் வானொலிப் பகுதியும் பண்பேற்றம் செய்யத்தான் செய்கிறது. ஆனால் அதற்காக யாரும் அதை மோடெம் என்று அழைக்கவில்லை. 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடெமில் கொண்டுவந்த கட்டளைகளை அது அப்படியே ஏற்றுக்கொள்கிறது என்பதே காரணம். அழைக்கச் சொல்லும் கட்டளையான 'ஏடிடிடி' என்று தட்டித் தொலைபேசி எண்ணைக் கொடுத்த இடத்தில் இப்போது இணைய முகவரியைக் கொடுத்தால் போதும். இணையத்தில் தரவு பரிமாறும் விதிகளான டிசிபி/ஐபி நெறிமுறையின் சுமை முழுவதையும் சில்லே தாங்க, தொலைபேசியில்தான் பேசுகிறோம் என்ற எண்ணத்திலேயே பழைய முனைய மென்பொருள் இயங்குகிறது. கணினியின் 5 வோல்ட் குறிப்பலைக்கும் சில்லின் 3.3 வோல்ட்டுக்கும், இன்றைய வலையின் விரைவுக்கும் நொடிக்கு 1200 அல்லது 2400 பிட்டுகளில் படிக்கும் கணினியின் நிதானத்துக்கும் இடையே நின்று, ஒன்றை மற்றொன்றுக்கு ஒத்துவரச் செய்வதுதான் அந்தப் பலகையின் உண்மையான வேலை.

இந்த வேலையைச் சொல்லும் பெயர் நம் கலைச்சொல் பட்டியல்களில் ஏற்கெனவே இருக்கிறது: இணக்கி. அடங்கு, அடக்கு என்பதுபோல, 'இணங்கு' என்னும் தன்வினையின் பிறவினை 'இணக்கு'. அதனுடன் இகர விகுதி சேர, இணங்கச் செய்வது என்று பொருள் தரும் இணக்கி கிடைக்கிறது. வேர்ச்சொல் பழையது, 'இணக்கம் அறிந்து இணங்கு' என்பது ஔவையின் ஆத்திசூடி. மின்னணுவியல் நூலில் பண்பேற்றி-பண்பிறக்கி இருக்கட்டும். கருவியின் பெயராக இணக்கியையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் ஒலி போய் வைஃபை வந்த பின்னும் அது பொய்யாகவில்லை. ஒலிபெயர்த்தே எழுத விரும்புவோர், மழைமேகம் மூடியிருப்பதைச் சில ஊர்களில் 'மோடம்' என்று சொல்வதை நினைவில் கொண்டு, 'மோடெம்' என்று எழுதுவது நல்லது. கொமடோருக்கு வாங்கும் பலகையை 'வைஃபை இணக்கி' என்றே தயக்கமின்றி அழைக்கலாம்.