பார்த்தே இராத மனிதர்களை வெறுப்பது எப்படி?

1946 ஜூலை தொடக்கம். போலந்தின் கியெல்ட்சே நகரில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் காணாமல் போனான். உண்மையில் அவன் போயிருந்தது, குடும்பத்துக்குத் தெரிந்தவர்கள் இருந்த ஒரு கிராமத்துக்கு. இரண்டு நாள் கழித்து வீடு திரும்பியவன், யூதர்கள் தன்னைப் பிடித்து ஒரு வீட்டின் நிலவறையில் அடைத்து வைத்திருந்ததாகச் சொன்னான். அவன் அடையாளம் காட்டிய இடம் பிளான்ட்டி தெரு, 7ஆம் எண் வீடு. நாஜி முகாம்களிலிருந்தும் தலைமறைவு வாழ்க்கையிலிருந்தும் உயிர் பிழைத்து வந்த யூதர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். போலீசார் வந்து சோதனை போட்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு நிலவறையே கிடையாது.

அந்த ஒரு விஷயத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஜூலை 4 அன்று போலீஸ்காரர்கள், ராணுவத்தினர், தொழிலாளர்கள், அக்கம்பக்கத்தார் எனப் பலரும் சேர்ந்து 42 யூதர்களைக் கொன்றார்கள். போர் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அடுத்த சில மாதங்களில் பல்லாயிரம் யூதர்கள் போலந்தைவிட்டே வெளியேறினார்கள்.

இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போது என்னைத் தொந்தரவு செய்வது கொலைவெறி மட்டுமல்ல. நிலவறை இல்லை என்பதைக் கண்ணால் கண்ட பிறகும் கூட்டம் ஏன் கலையவில்லை? வெறுப்பு தகவல் குறைவால் வருகிறது, சரியான தகவலைச் சொன்னால் போய்விடும் என்றுதான் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். கடந்த அரை நூற்றாண்டில் சமூக உளவியல் கண்டறிந்தவை அந்த நம்பிக்கையைப் பெருமளவு அசைத்துவிட்டன.

சிறுவன் சொன்ன கதை அவன் கண்டுபிடித்ததல்ல. கிறிஸ்தவப் பிள்ளைகளை யூதர்கள் சடங்குக்காகக் கடத்திக் கொல்கிறார்கள் என்ற பழி, 1144இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஒரு சிறுவனின் மரணத்தையொட்டிக் கிளம்பியது. ஒரு துறவி அதை எழுதிவைக்க, ஐரோப்பா முழுவதும் பரவியது. நான்காம் இன்னசென்ட் போப்பாண்டவரே 1247இல் இது பொய் என்று எழுதினார். பலன் இல்லை. கியெல்ட்சேவிலிருந்து அதிக தூரமில்லாத சாண்டோமியெஷ் நகரப் பேராலயத்தில், இந்தக் கட்டுக்கதையைச் சித்திரிக்கும் 18ஆம் நூற்றாண்டு ஓவியம் இன்றும் தொங்குகிறது. சில ஆண்டுகள் திரைபோட்டு மூடியிருந்தார்கள். 2014இல் திரையை விலக்கி, இதில் காட்டப்படுவது நடக்காத ஒன்று என்று விளக்கும் பலகையை அருகில் வைத்தார்கள். மூடி மறைப்பதைவிட இது நல்ல முடிவு என்பது என் கருத்து. தலைமுறை தலைமுறையாகப் பூசைக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்த படம் அது. கியெல்ட்சே சிறுவனின் பொய் விழுந்த நிலம் எத்தனை காலமாக உழப்பட்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இவ்வளவு காலம் ஒரு வெறுப்பு உயிரோடு இருக்க முடியுமா? நிகோ ஃபோய்க்லெண்டர், ஹான்ஸ்-யோவாகிம் ஃபோத் என்ற இரு பொருளியலாளர்கள் இதை எண்களால் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். 1348 முதல் 1350 வரை கறுப்புச் சாவு எனப்பட்ட கொள்ளைநோய் பரவியபோது, கிணற்றில் விஷம் கலந்ததாகப் பழி சுமத்தி ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் யூதர்களைக் கொன்றார்கள். எல்லா நகரங்களிலும் அல்ல. அப்போது கொன்ற நகரங்களையும் கொல்லாதவற்றையும் பிரித்துக்கொண்டு, 1920களிலும் 30களிலும் அங்கே என்ன நடந்தது என்று பார்த்தார்கள். கொன்ற நகரங்களில்தான் நாஜிக் கட்சிக்கு 1928இல் கூடுதல் வாக்கு விழுந்திருந்தது. யூதர்கள் மீதான தாக்குதல்களும் அங்கேதான் அதிகம். நடுவில் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள். அதில் பல நூற்றாண்டுகள் அந்த ஊர்கள் பலவற்றில் யூதர்களே வசிக்கவில்லை! பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு, பேச்சு வழியாகவும் வழிபாட்டு வழியாகவும் அது கைமாறி வந்திருக்கிறது. சில நகரங்களில் மட்டும் சங்கிலி அறுந்திருந்தது. தூரதேச வணிகத்தில் ஈடுபட்ட ஹன்சா நகரங்கள், வெளியூர் மக்கள் வந்து குவிந்து வேகமாக வளர்ந்த நகரங்கள். பிறத்தியாரோடு தினமும் கொடுக்கல் வாங்கல் நடந்த இடங்களில் பழைய கதை நீர்த்துப்போயிற்று.

குழுவாகப் பிரிவதற்கு மனித மனத்துக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்று காட்டியவர் சமூக உளவியலாளர் ஹென்ரி தாஜ்ஃபெல். 1919இல் போலந்தின் வுவோத்ஸ்வாவெக்கில் பிறந்த யூதர். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மானியரிடம் கைதியானார். போலந்து யூதர் என்பதை மறைத்து உயிர் பிழைத்துத் திரும்பியபோது குடும்பத்தில் பெரும்பாலோர் கொல்லப்பட்டிருந்தனர். பிறகு இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில், பள்ளிச் சிறுவர்களை அற்பக் காரணம் சொல்லி இரண்டாகப் பிரித்தார். திரையில் தோன்றிய புள்ளிகளைக் கூடுதலாக மதிப்பிட்டவர்கள் ஒரு குழு, குறைவாக மதிப்பிட்டவர்கள் இன்னொரு குழு. பையன்களுக்குத் தன் குழு எது என்பது மட்டும் தெரியும். மற்றவர்களில் யார் எந்தக் குழு என்பது தெரியாது. அவர்களிடம் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கே சாய்ந்தார்கள். தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் சரி, மற்ற குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்று பங்கிட்டவர்களும் உண்டு. 1970, 71 வாக்கில் வெளியான இந்தச் சோதனைகள் உளவியலின் போக்கையே மாற்றின.

ஆனால் புள்ளி எண்ணிய சிறுவர்களின் சாய்வு வேறு, பிளான்ட்டி தெருவில் நடந்தது வேறு. யூத வெறுப்புக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. பொதுவாகத் தப்பெண்ணம் கொள்பவர்கள் எதிராளியைத் தாழ்ந்தவன், சோம்பேறி, அறிவில்லாதவன் என்பார்கள். யூதர்களைப் பற்றிய தப்பெண்ணமோ அவர்களை அளவுமீறிய சக்தி கொண்டவர்களாக, திரைமறைவில் இருந்து வங்கிகளையும் அரசுகளையும் ஆட்டிவைப்பவர்களாகக் கற்பனை செய்கிறது. போலந்து உளவியலாளர்கள் மிரோஸ்வாவ் கோஃப்தாவும் க்ஷெகோஷ் சென்டெக்கும், தேர்தல் நெருங்கும் நாட்களில் இந்தச் சதி எண்ணம் தலைதூக்குவதைப் பதிவு செய்தார்கள். எதிர்காலம் கைமீறிப் போவதாக மனம் அஞ்சும்போது, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்ற கதை ஆறுதல் தருகிறது. எதிரில் யூதர் யாரும் இல்லாததும் இந்தக் கதைக்கு இடைஞ்சலில்லை. மறைந்திருப்பதுதானே சதிகாரர் வேலை என்று அது சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் பள்ளிக்கூடம் அடிக்கடி சறுக்குகிறது. நாஜிகள் செய்த படுகொலையை மட்டும், உடல்களின் குவியலாக, கறுப்பு வெள்ளைப் படங்களாகக் காட்டினால் பிள்ளைகள் மனம் இளகும் என்று நினைக்கிறோம். ரோலண்ட் இம்ஹோஃப், ரைனர் பான்ஸே ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஜெர்மன் ஆய்வு இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டியது. மாணவர்களின் மனப்பான்மையை முதலில் அளந்தார்கள். சில மாதம் கழித்து நாஜிக் கொடுமைகள் பற்றிய ஒரு வாசகத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்த வாசகத்தில், அந்தத் துயரம் யூதர்களை இன்றும் விடாமல் வாட்டுகிறது என்ற செய்தி இருந்தது. அதைப் படித்தவர்களில் சாதாரணமாகப் பதில் எழுதியவர்கள் முன்பைவிடக் குறைந்த வெறுப்பையே காட்டினார்கள். பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி மின்முனைகளைப் பொருத்திக் கேட்டபோதோ, வெறுப்பு முன்பைவிடக் கூடியிருந்தது.

காரணம் குற்றவுணர்வு. தாத்தா காலத்துப் பாவம் தன் தலையில் விழுவதாக உணரும் பதினாறு வயதுப் பிள்ளை, தன்னைக் காத்துக்கொள்ள வழி தேடுகிறது. ‘இன்னும் எத்தனை நாள் இதையே சொல்வார்கள்’ என்ற எரிச்சல், பாதிக்கப்பட்டவர் மீதே திரும்புகிறது. போலந்தில் சிக்கல் இன்னும் கூடுதல். யூதரல்லாத போலந்துக்காரர்களும் லட்சக்கணக்கில் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். அங்கே வகுப்பில் எழும் கேள்வி, ‘எங்கள் துயரத்தை யார் பேசுவது?’ என்பது. அதை அதட்டி அடக்கும் ஆசிரியர் அந்தப் பிள்ளையை இழந்துவிடுகிறார்.

அப்படியானால் எது வேலை செய்கிறது? அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்ன பதில் இன்றும் நிற்கிறது: நேரடிப் பழக்கம். சும்மா பக்கத்தில் வசிப்பது போதாது. இரு தரப்பும் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், கூடி வேலை செய்ய வேண்டும், நிர்வாகத்தின் ஆதரவு வேண்டும். தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பழக்கம் கூடக்கூடத் தப்பெண்ணம் குறைவது பெரும்பாலானவற்றில் தெரிந்தது. அது எந்த வழியில் குறைகிறது என்பதை இரண்டு ஆண்டு கழித்து அலசினார்கள். மற்றவரைப் பற்றிய தகவல் பெருகுவது உதவியது, ஆனால் கொஞ்சம்தான். பயமும் தயக்கமும் விலகுவதும், அவர் இடத்தில் நின்று உணர முடிவதும்தான் பெருமளவு வேலையைச் செய்தன.

சரி, பழகுவதற்கு ஆளே இல்லையென்றால்? போருக்கு முன் போலந்தில் சுமார் 33 லட்சம் யூதர்கள், மக்கள்தொகையில் பத்தில் ஒருவர். அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். இன்று சிறு நகரத்துப் பள்ளி மாணவர் ஒருவர் வாழ்நாளில் ஒரு யூதரைக்கூடச் சந்திக்காமல் இருக்க முடியும்.

இதற்கு அங்கே பிறந்த ஒரு விடையை நான் மிகவும் மதிக்கிறேன். உரையாடல் மன்றம் என்ற போலந்து அமைப்பு 2008 முதல் ‘உரையாடல் பள்ளி’ என்ற திட்டத்தை நடத்துகிறது. பயிற்றுநர்கள் ஒரு வகுப்புக்கு நான்கு முறை வருகிறார்கள். பிள்ளைகளுக்குத் தரப்படும் வேலை, தங்கள் ஊரில் வாழ்ந்த யூதர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது. ஆவணக் காப்பகத்தில் பழைய தெருப்பெயர்களைப் பார்க்கிறார்கள். முதியவர்களிடம் கேட்கிறார்கள். தினமும் கடந்துபோகும் தீயணைப்பு நிலையமோ நூலகமோ ஒருகாலத்தில் யூதர்களின் ஜெப ஆலயமாக இருந்தது என்று தெரியவருகிறது. பழைய வீடுகளின் வாசல் நிலையில், வலப்பக்கம், தோள் உயரத்தில் சாய்வாக ஒரு பள்ளம் சில ஊர்களில் இன்னும் தென்படும். வேதவரிகள் எழுதிய தோல்சுருளை வைக்கும் மெசூசா என்ற சிறு பேழை பொருத்தப்பட்டிருந்த இடம் அது. மேலே எத்தனை முறை சாயம் பூசினாலும் விரலால் தடவினால் தட்டுப்படும். கடைசியில் மாணவர்களே ஊர்மக்களை அழைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, இங்கே பேக்கரி இருந்தது, இங்கே பள்ளி இருந்தது என்று சொல்லிப்போகிறார்கள்.

அன்னா ஸ்டெஃபானியாக்கும் மிஹாவ் பிலெவிச்சும் இந்த மாணவர்களைத் திட்டத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். யூதர்கள் மீதான மனப்பான்மை மேம்பட்டிருந்தது. ஊரின் வரலாற்றில் ஆர்வம் கூடியதும், யூதர்களைத் தங்களுக்கு நெருக்கமானவர்களாக உணர்ந்ததும் அதற்கு வழி. இதே பிலெவிச் முன்பு, போலந்து இளைஞர்களும் யூத இளைஞர்களும் சந்தித்த நிகழ்ச்சிகளை ஆராய்ந்தபோது, இன்றைய வாழ்க்கையைப் பேசிய சந்திப்புகள் பலன் தந்தன, கடந்தகாலத்தைப் பேசியவை தரவில்லை என்று கண்டிருந்தார். இரண்டும் முரண்போலத் தோன்றும். சந்திப்பில் பேசப்பட்ட கடந்தகாலத்தில் இரண்டு இனங்கள் எதிரெதிரே, வாதியும் பிரதிவாதியுமாக நிற்கின்றன. தெருவில் தேடிய கடந்தகாலத்திலோ தையல்காரரும் மருத்துவரும் பிள்ளைகளும் ‘நம்ம ஊர்க்காரர்’ ஆகிவிடுகிறார்கள். அவர்களுக்கு நேர்ந்தது பிறகு ஊருக்கு நேர்ந்த இழப்பாகத் தெரிகிறது.

நேரில் பழகாமலே பழக்கம் பலன் தருவதற்கு வேறு சான்றுகளும் உண்டு. கால்பந்து வீரர் முகமது சாலா 2017இல் இங்கிலாந்தின் லிவர்பூல் அணியில் சேர்ந்தார். கோல் அடித்ததும் மைதானத்திலேயே சிரம் பணிந்து தொழும் முஸ்லிம் வீரர். அதன் பிறகு அந்தப் பகுதியில் வெறுப்புக் குற்றங்கள் எதிர்பார்க்கப்பட்டதைவிட 16 சதவீதம் குறைந்ததாகவும், அணியின் ரசிகர்கள் இடும் முஸ்லிம் எதிர்ப்பு ட்வீட்டுகள் மற்ற அணி ரசிகர்களோடு ஒப்பிட்டால் பாதியானதாகவும் 2021இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஜெர்மனியில் யூதர்களின் மத்தியக் குழு 2020 முதல் யூதத் தன்னார்வலர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. பண்டிகை, சாப்பாடு, கால்பந்து என்று அவர்கள் பேசுவது அன்றாட வாழ்க்கையை. ஒரு சமூகம் முழுவதற்கும் பதில் சொல்லும் பாரத்தை அந்த இளைஞர்கள் தலையில் ஏற்றுவது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

இந்த முடிவுகளை மிகைப்படுத்தவும் கூடாது. உளவியலாளர் எலிசபெத் பாலக் குழுவினர் 2021இல், தப்பெண்ணத்தைக் குறைக்க நடந்த 418 சோதனைகளை அலசியபோது, பெரும்பாலானவை சில நிமிடங்களே நீளும் சிறு முயற்சிகள் என்றும், மாதக்கணக்கில் நீடிக்கும் மாற்றத்தை அளந்தவை மிகக் குறைவு என்றும் கண்டார்கள். ஒருநாள் கருத்தரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

பழக்கம் வேலை செய்ய இன்னொரு நிபந்தனையும் உண்டு. நண்பன் யூதன் என்பது தெரிய வேண்டும், தோழி முஸ்லிம் என்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த நட்பு, குழுவின் மீதான பயத்தைத் தொடுவதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 13 நாடுகளில் சுமார் 8,000 யூதர்களிடம் 2023இல் எடுத்து அடுத்த ஆண்டு வெளியிட்ட கணக்கெடுப்பில், 76 சதவீதம் பேர் தங்கள் அடையாளத்தை அவ்வப்போதாவது மறைப்பதாகச் சொன்னார்கள். முஸ்லிம்களிடம் அதே முகமை எடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ பாதிப்பேர் அண்மை ஆண்டுகளில் பாகுபாட்டைச் சந்தித்திருந்தார்கள். யூத அடையாளமான நட்சத்திரம் தொங்கும் கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு வகுப்புக்கு வரும் பிள்ளை பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாலும் ஆல்போர்ட் சொன்ன பழக்கம் அங்கே தொடங்கவே இல்லை. 2021 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் யூத வெறுப்புக்கு எதிராக அறிவித்த 2030 வரையிலான செயல்திட்டம், பாதுகாப்பையும் யூத வாழ்வைப் பேணுவதையும் கல்வியையும் ஒரே ஆவணத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. பள்ளி வாசலிலும் பேருந்திலும் அந்தச் சங்கிலி வெளியே தெரிந்தால் ஆபத்தில்லை என்ற நிலையை அரசு உண்டாக்கினால்தான் ஆசிரியரின் வேலை ஆரம்பிக்க முடியும்.