கிராஷ் பேரியர் முனையில் மண் அரித்திருந்தால் யாரைக் கேட்பது?

எங்கள் ஊர் விலக்கில் நாலுவழிச்சாலை ஓரமாக இரும்புத் தடுப்பு, அதாவது கிராஷ் பேரியர், தொடங்கும் இடம் ஒன்று இருக்கிறது. போன கார்த்திகை மழைக்கு அப்புறம் அங்கே பைக்கை நிறுத்திப் பார்த்தேன். முதல் தூணைச் சுற்றி மண் அரித்துப்போய், அடியில் போட்ட கான்கிரீட் கட்டி முழங்கால் உயரத்துக்குத் துருத்திக்கொண்டு நிற்க, அதன்மேல் ஏறி ஒரு வெள்ளாடு வேப்பங்கொழுந்தைக் கடித்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்கு வசதிதான்.

மத்திய சாலைத்துறை விவரக்குறிப்பின்படி தூண்களில் பொருத்திய தடுப்புத் தகட்டின் மேல்விளிம்பு தரையிலிருந்து 70 செ.மீ., தூண்களுக்கு நடுவே 2 மீட்டர். இந்த 70 செ.மீ. சக்கரம் சமதரையில் இருந்தால்தான் வேலை செய்யும். பள்ளத்தில் இறங்கிய காரின் மூக்கு தகட்டுக்கு அடியில் புகுந்துவிடும், மேட்டில் துள்ளிய கார் தாண்டியே போய்விடும். அதிலும் முனை என்பது வண்டி நேருக்கு நேராக வந்து மோதக்கூடிய இடம். அதனால்தான் அமெரிக்கச் சாலையோர வடிவமைப்புக் கையேடு, முனையைச் சுற்றியும் அதற்கு முன்னாலும் 10 அடிக்கு 1 அடிக்கு மேல் சரிவு கூடாது, மோதினால் ஒடியும் தூணின் மிச்சம் தரைக்கு மேல் 4 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. நம் நாட்டில் தடுப்புகளுக்கென்றே உள்ள வழிகாட்டி இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 119-ஆம் எண் ஆவணம், வெளிவந்தது 2015-இல்.

தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கக் கரிசல் மண் கோடையில் வெடிக்கும், ஐப்பசியில் களியாகும். அங்கே ஒரு டிப்பர் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனால் அடுத்த மழைவரைகூடத் தாங்காது. கிராவலை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்ட வேண்டும். ரோட்டுத் தண்ணீர் இறங்கத் தனி வாய்க்கால் இல்லாவிட்டால் அதுவும் வீண்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவு சேர்ந்தது. சாலைத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிர்போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ பொறுப்பான அரசு அமைப்பு, ஒப்பந்தக்காரர் போன்றோருக்கு 1 லட்சம் ரூபாய்வரை அபராதம். அது குடும்பத்துக்குப் போகாது, விபத்து நிதிக்குத்தான் போகும் (தொகையும் என் பார்வையில் சொற்பம்). ஆனால் அதே பிரிவில், அந்த இடம் ஆபத்தானது என்று பொறுப்பானவர்களுக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா என்பதையும் நீதிமன்றம் பார்க்கச் சொல்லியிருக்கிறது. உங்கள் புகாருக்கு மதிப்பு வருவது இங்கேதான், "எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்ற பதில் அதோடு செல்லாது.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குப் போன் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு சாலை என்றால் உங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு, ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். போட்டோவில் பள்ளத்தோடு பக்கத்துக் கிலோமீட்டர் கல்லும் விழட்டும், அரித்த ஆழம் தெரிய ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைத்து எடுங்கள்.